களி

களி என்று இன்றைக்கு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் அவர்களுக்குச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். "உள்ள போயி களி தின்னாத்தான் புத்தி வரும்" என்று தெருச் சண்டையில் ஏசுவதைக் கேட்டிருப்போம். சிறைகளில் கேழ்வரகுக் களி போட்ட காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பேச்சு அது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு அதே கேழ்வரகுக் களி அம்மா கைச் சாப்பாடு. காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் மார்கழித் திருவாதிரை நினைவுக்கு வரும். மகிழ்ச்சி என்ற பொருள் கடைசியாகத்தான் எட்டிப் பார்க்கும். அதுவும் களிப்பு, களியாட்டம் என்று துணைக்கு ஏதாவது சேர்த்துக்கொண்டுதான் வரும். இத்தனைக்கும் கொண்டாட்டத்துக்குத் தமிழில் உள்ள மிகப் பழைய சொற்களில் இது ஒன்று.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் பற்று உண்டாக்கியவர் என் ஆச்சி. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை இருக்கிறது. நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம், எங்கள் ஊரில் தாமிரம். நடராசருக்குரிய திருவாதிரைக்கு முந்தின நாளே ஆச்சி பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியாக வறுத்துவிடுவார். பருப்பு சிவந்து வரும் மணம் வாசல் தாண்டித் தெருவுக்குப் போகும். ஆறவிட்டு, திருகையில் ரவையாக உடைத்து வைப்பார். விடியுமுன் குளித்துவிட்டு வெண்கல உருளியை அடுப்பில் ஏற்றுவார். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறுவார். வெந்து குழைந்ததும் வெல்லப்பாகு, தேங்காய்ப்பூ, ஏலக்காய், கடைசியாகக் கை தாராளமாக நெய். பக்கத்து அடுப்பில் தாளகம். பூசணி, பரங்கி, வாழை, அவரை, சேனை, சேம்பு, சிறுகிழங்கு என்று நாட்டுக் காய்களும் கிழங்குகளுமாக ஏழுக்குக் குறையாமல் போட்டு, எள்ளை வறுத்தரைத்து ஊற்றிய குழம்பு. தஞ்சாவூர்ப் பக்கம் ஏழுதான் குழம்பு என்பார்கள். இனிப்புக் களிக்கு அந்தக் காரக் குழம்பு எப்படிப் பொருந்துகிறது என்பதைச் சாப்பிட்டவர்தான் அறிவார்.

கிண்டும்போது ஆச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. "இன்னைக்கு யாரும் யாரையும் ஏசப்பிடாது. களி கிண்டுத நாளு. மொகத்தத் தூக்கி வச்சிருந்தா களி தண்ணி வுட்டுரும்" என்பார். ஏன் ஆச்சி என்று கேட்டால், "களின்னா சந்தோசம்லாய்யா" என்பார். சேந்தனார் கதையும் அப்போது வரும். மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், வீட்டில் இருந்ததைக் கொண்டு களி கிண்டி, அடியவராக வந்த சிவனுக்கு அவர் படைத்தார். மறுநாள் காலை சிதம்பரத்தில் கருவறையைத் திறந்தால் எங்கும் களி சிந்திக் கிடந்தது. சேந்தனார் பாடிய திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. களிக் கதை அடுக்களைகளில் இருக்கிறது. திருவாதிரையன்று ஒரு வாய்க் களியாவது தின்ன வேண்டும் என்று ஆச்சி தெருவில் போகிறவரையும் கூப்பிட்டுக் கொடுப்பார்.

பிறகு கல்லூரி நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டியபோது களிக்குத் தனித்தனித் தலைச்சொற்கள் இருப்பதைக் கண்டேன். 1924இல் தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்த அகராதி அது. குழைந்த உணவும் களிமண்ணும் ஒரு பக்கம். மகிழ்ச்சி, கள், குடிவெறி, யானையின் மதம் எல்லாம் இன்னொரு பக்கம். ஆச்சி ஒன்றாகக் கிண்டியதை அகராதி பிரித்து வைத்திருந்தது. அகராதி சொல்வது சரி. ஆனால் ஆச்சியின் அடுக்களையிலும் ஓர் உண்மை இருந்தது. ஒரே ஓசை கொண்ட இரண்டு சொற்களை ஒரு திருநாள் ஒரே பாத்திரத்தில் சேர்த்துவிட்டது. இது மார்கழியில் மட்டும் நடப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பெரியவளானால் உளுந்தங்களி. தோல் உளுந்தும் அரிசியும் திரித்த மாவு, கருப்பட்டிப் பாகு, கரண்டி கரண்டியாக நல்லெண்ணெய். அக்கா பெரியவளானபோது அத்தைகளும் சித்திகளும் ஆளுக்கொரு நாளாகக் கிண்டிக்கொண்டு வந்து, அவள் வாயில் ஊட்டிவிட்டு, மிச்சத்தை எங்களுக்கு உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள். இடுப்புக்குப் பலம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீடு முழுக்க இருந்தது மகிழ்ச்சி.

கருப்பட்டி என்றதும் பனை வந்துவிடுகிறது. திருச்செந்தூர்ப் பக்கம் செம்மண் தேரியை ஒட்டி அப்பாவின் ஊர். கோடை விடுமுறைக்கு அங்கே போவோம். பனையேறும் அண்ணாச்சி ஒருவர் விடியலில் கலயத்தோடு இறங்குவார். பனையோலைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்போம், பதநீர் ஊற்றுவார். பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டும் வேலையை அவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சொட்டும் நீரும் ஒன்று. புளிக்க விடாமல் தடுப்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். "சுண்ணாம்பு கொறஞ்சா மத்தியானத்துக்குள்ள மாறிப் போவும் தம்பி" என்பார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கலய வேறுபாடு தெரிந்திருக்க வழியில்லை.

மகிழ்ச்சியைக் குறிக்கும் நம் பழைய சொற்கள் சில அந்தக் கலயத்திலிருந்துதான் இறங்கின. களிப்புக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு காதில் விழும்போதே தெரிகிறது. மகிழ்வுக்கும் அந்த உறவு உண்டு என்பதுதான் பலரும் கவனிக்காதது. புறநானூற்றில் 123ஆம் பாட்டு மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடியது. காலையிலேயே கள்ளுண்டு அவையில் களித்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது என்கிறார் கபிலர். மலையமான் மகிழாமல் கொடுத்த தேர்களோ முள்ளூர் மலையில் விழுந்த மழைத்துளிகளை விடப் பல. இங்கே மகிழாமல் என்றால் கள் குடிக்காமல் என்று பொருள். அரசன் வீற்றிருக்கும் காலை அவைக்கே நாள்மகிழ் என்று பெயர் இருந்தது.

அதே புறநானூற்றில் 235ஆம் பாட்டு அதியமான் இறந்தபின் ஔவையார் அழுதது. அவன் கொடையைச் சொல்ல வரும்போது ஔவை கள்ளில்தான் தொடங்குகிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தை அவன் மகிழ்ந்து உண்பான். இந்தப் பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். இறந்துபோன ஒரு மன்னனைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ இருந்தன. போர்கள் இருந்தன, அவன் தந்த நெல்லிக்கனி இருந்தது. ஔவைக்கு முதலில் நினைவு வந்தது, குறைவாக இருக்கும்போது தான் குடிக்காமல் கொடுத்தவன் என்பது. மகிழ் என்ற சொல் அந்த இடத்தில் தனி மனிதனின் உணர்ச்சியைச் சொல்லவில்லை. பாடுகிறவர்களும் கேட்கிறவனும் ஒரே கலயத்தைச் சுற்றி இருக்கும் நிலையைச் சொல்கிறது.

வள்ளுவர் கள்ளை ஏற்காதவர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே களித்தவன் என்றால் குடித்தவன் என்றுதான் பொருள். குடித்ததே இல்லை என்று சொல்வதை விடு, ஒளித்தது வெளியே வந்துவிடும் என்று 928ஆம் குறள் எச்சரிக்கிறது. குடித்தவனுக்குக் காரணம் காட்டித் திருத்துவது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்று அடுத்த குறள் சொல்கிறது. அதே வள்ளுவர் காமத்துப் பாலுக்கு வந்ததும் இரண்டு சொற்களையும் ஒன்றாக எடுக்கிறார். நினைத்தாலே களிப்பதும் பார்த்தாலே மகிழ்வதும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கு உண்டு என்கிறது 1281ஆம் குறள். கள்ளின் சொற்களைக் கொண்டே கள்ளைவிட உயர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டார். களியும் மகிழ்வும் கலயத்தை விட்டு நகரத் தொடங்கியதை அந்தக் குறளில் பார்க்கலாம்.

ஆனாலும் பழைய வாசனை எளிதில் போகவில்லை. மணிமேகலையில், புகார் நகரத்து வீதியில் ஒரு களிமகன் சமணத் துறவியை வழிமறிக்கிறான். களிமகன் என்றால் குடிகாரன். தென்னையில் விளைந்த கள்ளில் கொலை ஏதும் உண்டா, குடித்துப் பாருங்கள் என்று துறவியை அழைக்கிறான். பௌத்த நூல் செய்த சாத்தனார், தெருவின் அந்தக் குரலை அப்படியே காப்பியத்துக்குள் விட்டிருக்கிறார். பிற்காலத்தில் கலம்பகம் என்ற சிற்றிலக்கியம் எழுந்தபோது அதன் பதினெட்டு உறுப்புகளில் ஒன்றுக்குக் களி என்றே பெயர் வைத்தார்கள். கள்ளுண்பவர்கள் கள்ளைப் புகழ்ந்து பேசுவதாக வரும் பகுதி அது. கடவுளைப் பாடும் கலம்பகத்திலும் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

பக்தி இயக்கத்துப் பாடல்களில் அந்த மயக்கம் தேனாக வருகிறது. தில்லையில் மாணிக்கவாசகர் பாடிய திருக்கோத்தும்பி ஒரு வண்டிடம் பேசுவது. பூவிலுள்ள தினையளவு தேனுக்கு அலையாதே, நினைக்கும்போதும் பார்க்கும்போதும் பேசும்போதும் இன்பத் தேன் சொரிகிற கூத்தனிடம் போ என்று வண்டை அனுப்புகிறார். நினைத்தாலும் பார்த்தாலும் இன்பம் என்ற அந்த அடுக்கைக் குறளில் காதலுக்குச் சொன்னது நினைவிருக்கிறது. இங்கே அது ஆடலுக்கு வந்துவிட்டது. நடராசரின் ஆடலுக்கு ஆனந்தத் தாண்டவம் என்று பெயர். மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரத்தில் தேரில் வருபவர் மூலவர். கருவறையில் இருப்பவரே தெருவுக்கு வருகிறார்.

ஆதிரை நாளின் கூட்டத்தை அப்பர் எழுதி வைத்திருக்கிறார். திருப்புகலூரில் சம்பந்தர் அவரைச் சந்தித்து, ஆரூரில் திருவாதிரை விழா எப்படி என்று கேட்க, அதற்கு விடையாகப் பாடிய பதிகம் என்கிறது பெரியபுராணம். முத்து விதானம், பொற்கவரி என்று தொடங்கி, யார் யார் வந்தார்கள் என்று அப்பர் சொல்லிக்கொண்டே போகிறார். தவம் செய்பவர், அந்தணர், சைவர், பாசுபதர், காபாலிகர் என்று ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் எல்லாம் அங்கே ஒன்றாக நடக்கிறார்கள். சம்பந்தர் தம் பங்குக்கு மயிலாப்பூரில் பாடினார். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன் நின்று, ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். பட்டியலில் முதலில் வருவது அடியார்களுக்குச் சோறிடும் விழா. சாவுக்கு எதிராக அவர் வைத்த வாதம் விழாதான். ஊர் ஒன்றுகூடிச் சாப்பிடுவதையும் விளக்கேற்றுவதையும் கடலாடுவதையும் விட்டுவிட்டுப் போக ஒருவருக்கு மனம் வருமா என்பதுதான் கேள்வி.

ஒரு திருவாதிரைக்கு நாகர்கோவிலில் அத்தை வீட்டில் இருந்தேன். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநில எல்லைக்குள் இருந்த ஊர். மாலையில் அத்தை, "வா, களி பார்க்கப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மலையாளக் குடும்பம் ஒன்றின் வீட்டு முற்றத்தில் நிலவிளக்கு எரிந்தது. கசவு வைத்த வெள்ளைப் புடவை உடுத்திய பெண்கள் அதைச் சுற்றி வட்டமாக நின்று, கைகொட்டிப் பாடி, குனிந்து நிமிர்ந்து ஆடினார்கள். அதற்குப் பெயர் திருவாதிரக்களி. மலையாளத்தில் களி என்றால் ஆட்டம், விளையாட்டு. கதகளியின் களியும் கோல்களியின் களியும் அதுதான். வடமலபாரில் தெய்யம் ஆடும் திருவிழாவுக்குக் களியாட்டம் என்றே பெயர். பந்து விளையாடுவதும் அங்கே களிதான். ஆடி முடித்ததும் தின்னக் கொடுத்தார்கள். கிழங்குகளைச் சுட்டு வெல்லம் சேர்த்த எட்டங்ஙாடி, கிழங்கும் பயறும் வெந்த புழுக்கு. எங்கள் தாளகத்தில் கிடக்கும் சேனையும் சேம்பும் அங்கேயும் இருந்தன. மலைக்கு இந்தப் பக்கம் தின்கிறோம், அந்தப் பக்கம் ஆடுகிறார்கள். நாள் ஒன்று, நட்சத்திரம் ஒன்று, பெயரும் ஒன்று.

களிக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை நம் சித்தர்கள் மறக்கவில்லை. ஆனந்தக் களிப்பு என்று ஒரு பாடல் வகை இருக்கிறது. தாயுமானவர் அந்தப் பெயரில் பாடியிருக்கிறார், கடுவெளிச் சித்தரும் பாடியிருக்கிறார். பத்து மாதம் குயவனிடம் வேண்டி வாங்கிய தோண்டியை ஆடி ஆடியே போட்டுடைத்த ஆண்டியின் கதை கடுவெளிச் சித்தரின் ஆனந்தக் களிப்பில்தான் வருகிறது. ஆட்டத்துக்குரிய மெட்டிலேயே ஆட்டத்தின் ஆபத்தைச் சொல்லிவிட்டார். ஆச்சி அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போது முடிவில் ஒன்று சேர்ப்பார்: "ஆடுனது தப்பில்லய்யா. தோண்டிய ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு ஆடிருக்கணும்." சித்தர் சொல்லாத பொழிப்பு அது. கையில் உள்ளதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஆடு என்று அந்தப் பாட்டை அவர் படித்தார். ஔவையின் கள்ளும் சம்பந்தரின் அடியார் சோறும் அதைத்தான் சொல்கின்றன என்று எனக்குப் படுகிறது.

மகிழ்ச்சி என்ற சொல் இன்று நல்ல நிலையில் இருக்கிறது. அழைப்பிதழிலும் அரசு விழா மேடையிலும் கடிதத்திலும் அது வருகிறது. ஆனால் அது சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியதைப் போலத் தெளிந்துவிட்டது. யாரையும் எழுந்து ஆட வைக்காது. களியில் மட்டும் அந்தப் பழைய புளிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் அது பொங்கி வழிவதைக் குறிக்கிறது, கூட்டத்தைக் குறிக்கிறது, கை கொட்டுவதையும் கால் மாறுவதையும் குறிக்கிறது. அந்தச் சொல் நம் பேச்சிலிருந்து போய்க்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஜாலி, ஹேப்பி, என்ஜாய் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. அவை வரட்டும், பேச்சில் புதிய சொல் வருவது இயல்புதான். ஆனால் 'ஐ ஆம் ஹேப்பி' என்று ஒருவர் சொன்னால் அது அவரோடு முடிந்துவிடுகிறது. ஊர் களித்தது, வீடு களித்தது என்று நம் பழைய நூல்கள் சொல்லும்போது அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண முடியாது.

ஆச்சி இல்லாத திருவாதிரைகளில் அம்மா கிண்டினார். இப்போது என் மனைவியும் நானும் கிண்டுகிறோம். அரிசியை வறுப்பது என் வேலை. யார் வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது என்று முதலில் பட்டியல் போட்டுவிட்டுத்தான் அரிசியை அளக்கிறோம். அதுதான் ஆச்சியின் அளவு. களி என்பது தனியாக அனுபவிக்க முடியாத மகிழ்ச்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டாயிரம் ஆண்டுத் தமிழில் இந்தச் சொல் கள்ளிலிருந்து காதலுக்கும், காதலிலிருந்து கடவுளுக்கும், கடவுளிடமிருந்து அடுக்களைக்கும் வந்திருக்கிறது. வந்த வழி முழுவதும் அதற்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வரும் மார்கழியில் உங்கள் வீட்டிலும் களி கிண்டுங்கள். வீட்டில் உள்ள ஆட்களுக்கு என்று அளக்காமல், இன்னும் இரண்டு வீட்டுக்குச் சேர்த்து அளந்து போடுங்கள்.